இரண்டு சாட்சிகள் சொன்னால் விடை உறுதி



நம் மருத்துவமனையின் ஏழை நோயாளர் உதவி நிதிக்காக ஆண்டுதோறும் சபைகள் வழியே விற்கப்படும் சொற்புதிர்த் தாளை நீங்கள் அறிவீர்கள். இம்முறை பழம்பெரும் கட்டடங்களைப் பற்றிய புதிர்களையே தாள் முழுவதும் தருகிறோம். கடந்த ஆண்டு பலர் தாளை வாங்கிப் பணத்தையும் கொடுத்துவிட்டு, வெறுந்தாளாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "காணிக்கை உங்களுக்கு, புதிர் எங்களுக்கு வேண்டாம்" என்று ஒரு சகோதரி ஓரத்தில் எழுதியிருந்தார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, வருத்தமும் வந்தது. காணிக்கை கொடுத்தவர் மகிழ்ச்சியையும் பெற வேண்டும் அல்லவா? ஆகவே, புதிரை அவிழ்க்கும் முறையைப் பாடமாகவே இங்கு எழுதுகிறோம்.

புதிருக்குள் என்ன இருக்கிறது?

சாதாரண வினாவில் ஒரு வழிதான் உண்டு. "மனோராவைக் கட்டியவர் யார்?" என்று கேட்டால், தெரிந்தவர் எழுதுவார், தெரியாதவர் விட்டுவிடுவார். சொற்புதிர் அப்படியன்று. ஒரே வாக்கியத்துக்குள் விடைக்கு இரண்டு சாட்சிகள் நிற்கின்றன. ஒரு சாட்சி பொருளைச் சொல்லும்: அது கோட்டையா, கோயிலா, எங்கே இருக்கிறது என்பது போல. மற்றொரு சாட்சி எழுத்தைச் சொல்லும்: எந்தச் சொல்லை எடுத்து, எதைக் கூட்டி, எதை நீக்கினால் பெயர் வரும் என்று. இரண்டும் ஒரே பெயரைச் சொன்னால் விடை உறுதி. ஒன்று மட்டும் ஒத்துவந்தால், பென்சிலால் எழுதிவைத்துக் காத்திருங்கள்.

பொருளைச் சொல்லும் பகுதி பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். நடுவில் அதைத் தேடி அலைய வேண்டாம். வாக்கியம் மேலோட்டமாகச் சொல்லும் கதையையும் நம்ப வேண்டாம். கதை நம்மைத் திசை திருப்புவதற்காகச் சொல்லப்படுவது. ஒவ்வொரு சொல்லையும் தனியே நிறுத்தி, "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேளுங்கள்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் விடையின் எழுத்துக்களைக் காட்டும். புள்ளி வைத்த மெய்யையும் ஓர் எழுத்தாக எண்ண வேண்டும். "கா", "கோ" போன்றவை எத்தனை குறிகளால் எழுதப்பட்டாலும் ஓர் எழுத்தே. "கோட்டை" என்பது கோ, ட், டை என மூன்று எழுத்து. இந்தக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

இனி, வகைக்கு ஓர் எடுத்துக்காட்டாகப் பார்ப்போம்.

1. தலையும் காலும்

"மதுரையின் தலைக்குக் கால் முளைத்தால் நாயக்கர் குடியிருந்த இடம் (3)."

"தலை", "முடி", "முதல்" என்று வந்தால் பெரும்பாலும் சொல்லின் முதல் எழுத்து. மதுரையின் தலை "ம". அதனோடு "கால்" சேர்ந்தால் "மகால்". பொருள் சாட்சி, "நாயக்கர் குடியிருந்த இடம்". திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய அரண்மனை அது. இன்று எஞ்சி நிற்பது முன்பிருந்ததில் ஏறத்தாழக் கால் பங்குதான் என்பார்கள். ஆகவே "கால்" என்ற சொல் இங்கே இன்னொரு வகையிலும் பொருந்துகிறது.

ஆனால் எச்சரிக்கை! "கால்" என்பது எப்போதும் முழுச் சொல்லாகவே வரும் என்றில்லை. "வால்", "கடை", "அடி" ஆகியவற்றைப் போலக் கடைசி எழுத்தையும் அது குறிக்கலாம். எழுத்து எண்ணிக்கைதான் இங்கே நமக்குத் துணை.

2. தலை மாற்றம்

"இஞ்சியின் தலையை எடுத்துச் செடியின் தலையை வைத்தால் மூன்று மலைக் கோட்டை (3)."

இஞ்சியில் "இ" போக மீதி "ஞ்சி". செடியின் தலை "செ". சேர்த்தால் "செஞ்சி". ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் மதிலால் இணைத்த கோட்டை அது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இதை முற்றுகையிட்டுக் கிடந்தது. 2025-இல் மராத்தியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. பழந்தமிழில் இஞ்சி என்றால் கோட்டை மதில் என்றும் பொருள் உண்டு. சமையலறை இஞ்சியை மட்டும் நினைத்தவர்களுக்கு இது ஒரு சிறு பரிசு.

3. குறைத்தல்

"மனோகராவில் ஒன்று குறைந்தால் கடலோரத்தில் எட்டு அடுக்கு (3)."

1954-இல் வந்த திரைப்படத்தை நினைத்துக்கொண்டு பலர் வசனம் பேசத் தொடங்கிவிடுவார்கள். அதுதான் கதை செய்யும் வேலை. "ஒன்று" என்ற சொல்லைப் பாருங்கள். தமிழ் எண்களில் ஒன்றுக்கு உரிய குறி "க". மனோகராவில் "க" போனால் "மனோரா". தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, நெப்போலியனின் வீழ்ச்சியை நினைவுகூர 1814-15 காலத்தில் மல்லிப்பட்டினம் அருகே எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம் அது. இரண்டுக்கு "உ", ஏழுக்கு "எ", எட்டுக்கு "அ", பத்துக்கு "ய" என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள்.

4. கூட்டல்

"தாரா, அதற்குக் காய்ச்சல், கும்பகோணத்துக்கு அருகே கல்லில் தேர் (5)."

நம் செவிலியர்கள் இதை உடனே சொல்லிவிட்டார்கள். காய்ச்சலுக்கு மற்றொரு பெயர் சுரம். "தாரா", "சுரம்" சேர்ந்தால் தாராசுரம். இரண்டாம் இராசராச சோழன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில். அதன் முன்மண்டபம் குதிரைகள் இழுக்கும் தேர்போல் சக்கரங்களோடு செதுக்கப்பட்டுள்ளது. தாரா என்றால் வாத்து இனப் பறவை என்பது கிராமத்தார் அறிந்ததே.

கூட்டும்போது புணர்ச்சியையும் நினைவில் வையுங்கள். "வேர்" என்பதன் பின் "ஊன்று" வந்தால் "வேரூன்று" ஆகும். மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் எழுத்தாகிவிடும்.

5. சிலேடை

"சிறுமியின் சடையில் கட்டுவது, சென்னை மாநகராட்சி இதில் இயங்குகிறது (4)."

இங்கே எழுத்து வேலை எதுவுமில்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள், இரண்டும் சாட்சி. விடை "ரிப்பன்". உள்ளாட்சிக்கு வழிவகுத்த வைசிராய் ரிப்பன் பிரபுவின் பெயரால் 1913-இல் திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை அது.

6. ஒளிந்திருத்தல்

"மலையைக் குடைந்த கோயில்கள் எல்லோராலும் காணத்தக்கவை, உள்ளே பாருங்கள் (4)."

"உள்ளே", "மறைந்து", "அடங்கிய" போன்ற சொற்கள் வந்தால் விடை வாக்கியத்திலேயே எழுதப்பட்டிருக்கும். "எல்லோராலும்" என்பதில் முதல் நான்கு எழுத்து "எல்லோரா". 34 குகைகளில் பௌத்த, இந்து, சமணக் கோயில்கள் அடுத்தடுத்து நிற்கும் இடம். பதினாறாம் எண் கொண்ட கைலாசநாதர் கோயில், மலையை மேலிருந்து கீழாக வெட்டி ஒரே பாறையில் வடித்தது. இந்தப் புதிரில் பொருள் சாட்சி தொடக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள்.

இது வெளிநாட்டு விளையாட்டா?

"இது ஆங்கிலக் குறுக்கெழுத்துப் பழக்கம், நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். தமிழுக்கு இது புதிதன்று. தண்டியலங்காரத்தின் சொல்லணிப் பகுதியில் வினாவுத்தரம் என்று ஒன்று உண்டு. சிறு வினாக்கள் பலவற்றின் விடைகளைக் கோத்தால் இறுதி விடை கிடைக்கும். நாம் மேலே பார்த்த கூட்டல் அதுதான். அக்கரச்சுதகம் என்பது ஒரு சொல்லிலிருந்து எழுத்துக்களை நீக்க நீக்க வேறு வேறு பொருள் வருவது. நம் குறைத்தல் அதன் பேரப்பிள்ளை. சிலேடைக்குக் காளமேகப் புலவர் இருக்கிறார்.

அகராதி வேண்டுவோர்க்கும் ஒரு செய்தி. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியில் நான்கு பகுதிகள் உண்டு. அவற்றில் ஒன்று ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைத் தருகிறது. மற்றொன்று ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களைத் தருகிறது. புதிர் அவிழ்ப்பவருக்கு வேண்டியவை இந்த இரண்டுமே.

நாங்கள் செய்த தவறு

இவ்வளவு சொல்லிக்கொடுக்கும் நாங்கள் ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடந்த ஆண்டுத் தாளில், "தஞ்சை மன்னர் வானளாவ எழுப்பியது" என்று ஒரு புதிர் வைத்தோம். எழுத்து எண்ணிக்கையும் கொடுக்கவில்லை. எங்கள் மனதில் இருந்த விடை மனோரா. ஒரு கிராமச் சபையின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் "பெரிய கோயில்" என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் தவறு என்று கோடு போட்டோம். அந்த ஒரு மதிப்பெண்ணால் அவர்களுக்குப் பரிசு தவறிப்போயிற்று.

அவர்களோடு இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா எங்களுக்குக் கடிதம் எழுதினார். கோபமாக எழுதவில்லை. "முதலாம் இராசராசனும் தஞ்சை மன்னன்தானே? 1010-இல் நிறைவுற்ற அந்த விமானம் வானளாவ நிற்கவில்லையா? பிள்ளைகள் எந்த இடத்தில் தவறினார்கள் என்று சொன்னால், அவர்களுக்கு விளக்கிவிடுகிறேன்" என்று கேட்டிருந்தார். நாங்கள் புதிரைத் திரும்பத் திரும்பப் படித்தோம். விளக்க எங்களிடம் எதுவும் இல்லை. அதில் இருந்தது ஒரே சாட்சி. எழுத்துச் சாட்சி அறவே இல்லை. தவறியது பிள்ளைகள் அல்ல, நாங்கள்.

பிள்ளைகளுக்கு மன்னிப்புக் கடிதமும் பரிசும் அனுப்பினோம். ஆனாலும் மனம் ஆறவில்லை. அந்தப் பிள்ளைகள் தங்கள் கைக்காசைச் சேர்த்து அந்தத் தாளை வாங்கியிருந்தார்கள். யாரோ ஒரு நோயாளியின் மருந்துக்கு என்று நம்பிக் கொடுத்த காசு அது. சிறிய காரியத்தில் நியாயம் தவறினால், பெரிய கணக்கை எப்படி நம்புவார்கள்? அதனால் இவ்வாண்டு முதல் ஒரு விதி வைத்திருக்கிறோம். விடை தெரியாத இருவர், தனித்தனியே அமர்ந்து, ஒவ்வொரு புதிரையும் அவிழ்த்து ஒரே விடைக்கு வந்த பிறகுதான் அச்சுக்குப் போகும். அப்படியும் வேறொரு விடை இரண்டு சாட்சிகளோடும் பொருந்தினால் எழுதுங்கள். முழு மதிப்பெண் தருவோம்.

சேர்ந்து அவிழ்க்க ஒரு யோசனை

தனியே அமர்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் தாத்தாவுக்குப் பழைய சொற்கள் தெரியும்; பேரனுக்குக் கட்டடங்கள் தெரியும். ஒருவர் பொருள் சாட்சியைப் பிடிக்கட்டும், மற்றவர் எழுத்தைப் பிடிக்கட்டும். விடை வந்ததும் அத்துடன் நிறுத்தாமல், அந்தக் கட்டடத்தை யார் கட்டினார், எதற்காகக் கட்டினார் என்று இரண்டு வரி படியுங்கள்.

பயிற்சிக்கு மூன்று

அ) ஈட்டியைக் கிராமத்தோடு சேர்த்தால் அகழி சூழ்ந்த கோட்டை (3).

ஆ) தினம் ஒன்று, "அதோ" என்று கிராமத்துப் பாட்டி காட்டுவது பழைய கல்விச்சாலை (4).

இ) சாய்ந்தோம், முதல் மெய் போனதும் கடற்கரையில் ஆலயம் நின்றது (4).

கீழே பார்க்குமுன் ஒரு தேநீர் குடிக்கும் நேரமாவது முயன்று பாருங்கள்.

விடைகள்

அ) வேல், ஊர்: வேலூர். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த கோட்டை.

ஆ) தினம் என்றால் நாள், "அதோ" என்பதற்குப் பேச்சு வழக்கு "அந்தா". சேர்ந்தால் நாளந்தா, பீகாரின் பண்டைய பௌத்தக் கல்விச்சாலை.

இ) "சாய்ந்தோம்" என்பதில் முதலில் வரும் மெய் "ய்". அது போனால் சாந்தோம். தோமா அப்போஸ்தலரின் கல்லறை மேல் எழுந்ததாகப் போற்றப்படும் சென்னை ஆலயம். இன்று நாம் காணும் கட்டடம் 1890-களில் எழுந்தது.

மூன்றும் வந்தவர்கள் இவ்வாண்டுத் தாளைத் துணிந்து வாங்கலாம். ஒன்று வந்தவர்களும் வாங்கலாம். ஒன்றும் வராதவர்கள் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்கலாம். தயவுசெய்து இம்முறை வெறுந்தாளை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். தவறான விடையாக இருந்தாலும் எழுதி அனுப்புங்கள். அதைப் படிக்க நாங்கள் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
வினாத்தாள் குழுவினர்