ஒரு ஃபோல்டர், இரண்டு கம்ப்யூட்டர்



என் பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸ். அண்ணன் லேப்டாப்பில் விண்டோஸ் 11, பிரிண்டரும் அதில்தான். புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பென் டிரைவில் தூக்கிக்கொண்டு அலைந்து சலித்துப் போச்சு. 'இரண்டும் ஒரே வை-ஃபையில்தானே இருக்கு, ஃபோல்டரைப் பகிர்ந்துக்கலாமே' என்று இறங்கினேன்.

விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிரப் பேசும் மொழி எஸ்.எம்.பி. லினக்ஸுக்கு அதைப் பேசக் கற்றுக்கொடுப்பது சாம்பா. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-ல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். இன்றும் இலவசம்தான்.

இணைப்பு வரவில்லையா? நான்கு படிகளை வரிசையாகச் சோதியுங்கள்.

1. முகவரி: லினக்ஸின் ஐ.பி. அட்ரஸுக்கு விண்டோஸிலிருந்து 'பிங்' கொடுத்தால் பதில் வரணும்.

2. கதவு: லினக்ஸ் ஃபயர்வாலில் டி.சி.பி. 445-ஐ வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறக்கணும்.

3. ஆள்: சாம்பாவுக்குத் தனியாக பாஸ்வேர்டு வைக்கணும். லினக்ஸ் லாகின் பாஸ்வேர்டு தானாக வராது.

4. அனுமதி: சாம்பா விட்டாலும் லினக்ஸ் ஃபோல்டரின் அனுமதியும் வேண்டும். இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும்.

நான் மாட்டியது நாலாவதில். 'ஆக்சஸ் டினைடு' என்று வந்துகொண்டே இருந்தது. பொறுமை போய், சாம்பாவில் எழுதும் உரிமை, ஃபோல்டருக்கு 777 என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். உடனே வேலை செய்தது!

இரண்டே நாள். அண்ணன் லேப்டாப்பில் உட்கார்ந்த தம்பி, கேம் வைக்க இடம் பார்த்து, என் ரிப்போர்ட்டையே அழித்துவிட்டான். ரீசைக்கிள் பின்னில் தேடினேன், இல்லை. நெட்வொர்க் ஃபோல்டரில் அழித்தது சாதாரணமாக அங்கே போகாது. வைவாவுக்கு மூன்று நாள்தான் பாக்கி! பென் டிரைவில் கிடந்த பழைய பிரதியில் பாதிதான் இருந்தது. மீதியை இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி டைப் அடித்தேன்.

தம்பியைத் திட்டிப் பயனில்லை. பிரிண்ட் எடுக்கப் படிக்கும் அனுமதி போதுமே! இப்போது அண்ணன் பெயருக்குப் படிக்க மட்டும்தான் உரிமை. ரிப்போர்ட்டுக்குத் தினமும் தனிப் பிரதியும் உண்டு.

இன்னொன்று. 'பழைய எஸ்.எம்.பி. 1-ஐ ஆன் பண்ணுடா, சரியாயிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது, விண்டோஸில் அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

ஆகவே நண்பர்களே, பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைக்காதீர்கள். யாருக்கு எது தேவையோ அதை மட்டும் கொடுங்கள். வைவாவில் வெற்றி பெற வாழ்த்துக்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், கம்ப்யூட்டர் பிரிவு