கணினி அடிக்கடி முடங்குகிறதா? பழைய கணினி ஒன்று கற்றுத்தந்த பாடம்

"அக்கா, மறுபடியும் நீலமா வந்துருச்சு!"

2025 செப்டம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டில் அதிகம் ஒலித்த வாக்கியம் இதுதான். தம்பி கூடத்திலிருந்து கத்துவான். அடுப்படியில் இருக்கும் அம்மா, "ஆர்டரைச் சேவ் பண்ணினியாடா?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வருவார். திரையில் சோக முகக் குறியுடன் நீலத்திரை நிற்கும்.

இந்தக் கணினியை நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்த 2015-இல் அப்பா வாங்கித் தந்தார். விண்டோஸ் 7-உடன் வந்த மேசைக்கணினி அது. பின்னர் விண்டோஸ் 10-க்கு மாறியது. அதற்கு வயதாகிவிட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை அப்படியே விட்டுவிட முடியாத ஒரு காரணம் இருந்தது. அம்மா ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முறுக்கும் அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் செய்து விற்பவர். அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 20. அதற்குள் 62 குடும்பங்கள் முன்பணம் கொடுத்திருந்தன. யார் எத்தனை டப்பா கேட்டார், யார் எவ்வளவு கட்டினார் என்ற கணக்கு முழுவதும் அந்தக் கணினியில் ஒரே எக்செல் கோப்பில் இருந்தது.

ஆகஸ்டு மாதத்திலேயே அப்பா கணினியைக் கடைக்குக் கொண்டு போயிருந்தார். 80 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, வன்தட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் நீலத்திரை திரும்பி வந்தது. "இன்னொரு தடவை கொண்டு போவோமா?" என்றார் அப்பா. "ரெண்டு வாரம் கொடுங்கப்பா, நான் பார்க்கிறேன்" என்றேன்.

நான் படிப்பது கணக்கியல். கணினித் துறை நண்பர்கள் இக்கட்டுரையில் குறை கண்டால் பொறுத்தருள்க. என்னைப் போன்ற மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்றே நான் செய்தவற்றைத் தவறுகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

நீலத்திரை என்பது என்ன?

நீலத்திரையே நோய் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் அது காய்ச்சல் போன்ற ஓர் அறிகுறிதான். விண்டோஸின் கருவகம், தான் மேற்கொண்டு இயங்கினால் தரவுகள் கெட்டுவிடக்கூடும் என்ற நிலையைக் கண்டால், தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு ஒரு நிறுத்தக் குறியீட்டைக் காட்டுகிறது. 2025 முதல் விண்டோஸ் 11-இல் இத்திரை கறுப்பு நிறத்துக்கு மாறியது. ஆனால் அதன் வேலை மாறவில்லை.

காரணம் மென்பொருளாகவும் இருக்கலாம், வன்பொருளாகவும் இருக்கலாம். 2024 ஜூலை 19-ஆம் நாள், பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. அந்தக் கணினிகளின் வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டுக் கதை அதற்கு நேர்மாறானது. இரண்டையும் பிரித்தறிவதுதான் முதல் வேலை.

1. முதலில் காப்பு, பிறகு வைத்தியம்

முடங்கும் கணினியில் எதைத் தொடுவதற்கு முன்பும் முக்கியக் கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். இதில்தான் நான் முதல் தவறு செய்தேன். அம்மாவின் கோப்பை விரலியில் நகலெடுத்து, "பத்திரமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். இரவில் என் மடிக்கணினியில் திறந்து பார்த்தால், கோப்பு கெட்டுவிட்டது என்ற செய்திதான் வந்தது. நகலெடுக்கும்போதே அது கெட்டிருந்தது.

மறுநாள் கணினியின் மின்கம்பியைக் கழற்றி, வன்தட்டை வெளியே எடுத்து, தோழியிடம் இரவல் வாங்கிய இணைப்புக் கம்பி வழியாக என் மடிக்கணினியில் பொருத்தினேன். மூலக்கோப்பு நன்றாகத் திறந்தது. கடைசி முடக்கத்தின்போது சேமிக்கப்படாத ஆறு ஆர்டர்கள் மட்டும் இல்லை. அந்த ஆறு பேரின் பெயர், டப்பா எண்ணிக்கை, முன்பணம் அனைத்தையும் அம்மா முறுக்கு பிழிந்துகொண்டே சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே காப்பு என்று சொல்லலாம்.

2. குறிப்பேடு ஒன்று வையுங்கள்

முடங்கியவுடன் விண்டோஸ் தானாக மீண்டும் தொடங்கிவிடுவதால் குறியீட்டைப் படிக்க நேரம் கிடைக்காது. சிஸ்டம் பிராப்பர்டீஸ் பகுதியில் அட்வான்ஸ்டு, பிறகு ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி என்று சென்று, தானாகத் தொடங்கும் வசதியை நிறுத்தி வைக்கலாம். அதன்பின் திரை அப்படியே நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

நானும் தம்பியும் ஒரு பயிற்றுப் புத்தகத்தில் நாள், நேரம், அப்போது திறந்திருந்த மென்பொருள்கள், நிறுத்தக் குறியீடு ஆகிய நான்கையும் பதிந்தோம். ஆறு நாளில் 11 முடக்கங்கள். குறியீடுகளோ ஒரே மாதிரி இல்லை. மெமரி மேனேஜ்மெண்ட், ஐ.ஆர்.கியூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்குவல், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா என்று மாறி மாறி வந்தன.

இங்கே ஒரு பயனுள்ள விதி உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே குறியீடும் ஒரே இயக்கியின் பெயரும் வந்தால், அந்த இயக்கி மென்பொருளை முதலில் சந்தேகிக்கலாம். குறியீடுகள் கலந்து கலந்து வந்தால், வன்பொருளை, குறிப்பாக நினைவகத்தை, சந்தேகிக்க வேண்டும். விண்டோஸைப் புதிதாக ஏற்றிய பிறகும் சிக்கல் திரும்பினால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

முடக்கம் பற்றிய சிறு பதிவுகள் சி வட்டில், விண்டோஸ் கோப்புறையினுள் உள்ள மினிடம்ப் என்னும் கோப்புறையில் சேர்கின்றன. அவற்றைப் படித்துக் காட்ட புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருள் உதவும். அதில் பெரும்பாலும் விண்டோஸ் கருவகத்தின் பெயரே குற்றவாளிபோல் தெரியும். அதை நம்பி ஏமாற வேண்டாம். பிழை வெளிப்பட்ட இடம்தான் அது, பிழை பிறந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. அதேபோல் ஈவெண்ட் வியூவரில் வரும் கெர்னல் பவர் 41 என்ற பதிவும், கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை.

3. வெப்பம்: ஒரு தவறான முடிவு

எங்கள் குறிப்பேட்டில் 11 முடக்கங்களில் 9 பிற்பகலில் நிகழ்ந்திருந்தன. நம் நாட்டுப் பிற்பகல் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. "வெப்பம்தான் காரணம்" என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

பெட்டியைத் திறந்தால் பத்தாண்டுத் தூசியும் காய்ந்துபோன ஒரு பல்லியும் இருந்தன. தூசியைத் தூரிகையால் நீக்கினேன். செயலியின் மேலிருந்த வெப்பக் களிம்பு காய்ந்து சுண்ணாம்புபோல் ஆகியிருந்ததால், அதைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன். 87 பாகை வரை ஏறிய செயலியின் வெப்பநிலை 58-க்கு இறங்கியது. பெருமையோடு தம்பியிடம் காட்டினேன். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு மீண்டும் நீலத்திரை வந்தது.

வெப்பம் உண்மையான குறைதான். அதைச் சரிசெய்ததும் நல்லதுதான். ஆனால் நாங்கள் தேடிய குறை அது அன்று. பழைய கணினியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குறைகள் இருக்கலாம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

4. நினைவகச் சோதனை

அம்மாவுக்கு இதை விளக்குவது எளிதாக இல்லை. தேசியப் பள்ளியில் நான் படித்த இங்காத்தான், சக்ரா கெராஸ் என்ற மலாய்ச் சொற்கள் அவருக்கு உதவவில்லை. நினைவகம், வன்தட்டு என்று தமிழில் சொன்னபோதும், "ரெண்டும் ஞாபகம் வச்சுக்கிறதுதானே?" என்று கேட்டார். பிறகு அவருடைய அடுப்படியிலிருந்தே எடுத்துச் சொன்னேன். வன்தட்டு என்பது பொருள்களை அடுக்கி வைக்கும் அலமாரி. நினைவகம் என்பது முறுக்கு பிழியும் மேசை. அலமாரியிலிருந்து எடுத்ததை மேசையில் வைத்துத்தான் வேலை செய்ய முடியும். மேசையில் ஓரிடம் உடைந்திருந்தால், அங்கே வைக்கும் எதுவும் கெட்டுப்போகும். "அதான் நீ எடுத்த காப்பியும் கெட்டுச்சா?" என்றார் அம்மா. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

விண்டோஸிலேயே ஒரு நினைவகச் சோதனை உண்டு. அது எங்கள் கணினியில் பிழை எதையும் காணவில்லை. எனினும் குறுகிய சோதனையில் தேறிவிட்டால் நினைவகம் நலமாக இருக்கிறது என்று பொருளாகாது. மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்னும் இலவச மென்பொருளை விரலியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடக்கி, இரவு பத்து மணிக்கு ஓடவிட்டேன். விடியற்காலையில் பார்த்தபோது மூன்றாம் சுற்றில் 14 பிழைகள் சிவப்பில் தெரிந்தன. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த நினைவகத்தை நம்பக்கூடாது.

கணினியில் 4 கிகாபைட் அளவில் இரண்டு நினைவகப் பலகைகள் இருந்தன. எது கெட்டது? அல்லது பலகை நன்றாக இருந்து, அது செருகும் பள்ளம் கெட்டுவிட்டதா? ஒட்டுநாடாவில் "அ", "ஆ" என்று எழுதிப் பலகைகளில் ஒட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒரு பலகையை மட்டும், ஒரு பள்ளத்தில் மட்டும் பொருத்திச் சோதித்தேன். இரண்டு பலகை, இரண்டு பள்ளம், மொத்தம் நான்கு சோதனைகள். பலகையை மாற்றும்போது பிழையும் கூடவே சென்றால் குறை பலகையில். பிழை அதே பள்ளத்தில் தங்கினால் குறை தாய்ப்பலகையில். "அ" இரண்டு பள்ளத்திலும் தேறியது. "ஆ" இரண்டிலும் பிழை காட்டியது.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே இதன் அடிப்படை. கணக்கியலில் இருப்பாய்வு சமனாகாதபோது இரண்டு பதிவுகளைச் சேர்த்துத் திருத்தினால், எது பிழை என்று பிறகு தெரியாமலே போய்விடும். இங்கும் அப்படித்தான்.

பணம் செலவழிக்குமுன் "அ" பலகையை மட்டும் வைத்து நான்கு நாள் ஓட்டினோம். கணினி மெதுவாக இயங்கியது. ஆனால் ஒரு முறைகூட முடங்கவில்லை. அதன் பிறகே அதே வகையைச் சேர்ந்த பயன்படுத்திய பலகை ஒன்றை 35 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். அதையும் ஓர் இரவு முழுவதும் சோதித்த பிறகே பயன்பாட்டுக்கு விட்டேன். கெட்ட நினைவகத்தோடு இயங்கியதால் சிதைந்திருக்கக்கூடிய விண்டோஸ் கோப்புகளை டிஸ்ம், பின்னர் எஸ்.எஃப்.சி. ஆகிய கட்டளைகளால் சரிசெய்தேன். வன்தட்டைச் செக்டிஸ்க் கொண்டு சரிபார்த்தேன்.

அப்படியானால் ஏன் பிற்பகலில்?

இக்கேள்வி சில நாள் என்னை விடவில்லை. விடை குறிப்பேட்டிலேயே, நான் கவனிக்காத மூன்றாம் பத்தியில் இருந்தது. காலையில் அம்மா எக்செல் மட்டும் திறப்பார். பிற்பகலில் தம்பி பள்ளி முடிந்து வந்து, எஸ்.பி.எம். பாடக் காணொளிகளையும் உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்களையும் ஒருசேரத் திறப்பான். அதிக நினைவகம் பயன்படும்போது கெட்ட இடத்தைத் தொடும் வாய்ப்பும் கூடுகிறது. வெயிலும் தம்பியும் ஒரே நேரத்தில் வந்ததால் நான் வெயிலைக் குற்றவாளியாக்கிவிட்டேன்.

மற்ற அறிகுறிகள்

எல்லாக் கணினியிலும் நினைவகமே காரணமாக இருக்காது. சுருக்கமாகச் சில:

• நீலத்திரையே இல்லாமல் சட்டென அணைந்தால்: மின்வழங்கி அல்லது அதிக வெப்பம். இடி மின்னல் மிகுந்த நம் நாட்டில் மின்வழங்கிகள் அடிவாங்குவது வழக்கம்.

• டபிள்யூ.எச்.இ.ஏ. அன்கரெக்டபிள் எர்ரர் என்று வந்தால்: வன்பொருள் குறை. செயலியின் வெப்பம், மின்னழுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள்.

• கோப்பு திறக்க நெடுநேரம் ஆகி, டக் டக் என்ற ஒலி கேட்டால்: வன்தட்டு. உடனே காப்பு எடுங்கள்.

• ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் மாறிப்போனால்: தாய்ப்பலகையில் உள்ள சி.ஆர். 2032 நாணய மின்கலம் தீர்ந்திருக்கலாம்.

• தாய்ப்பலகையில் உள்ள மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால்: பலகை பழுது.

ஓர் எச்சரிக்கை: பெட்டியைத் திறக்குமுன் மின்கம்பியைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிக்கொள்ளுங்கள். மின்வழங்கியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

நிறைவாக

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே மருந்து கொடுக்க வேண்டும் என்ற ஒழுங்கை வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவருக்குச் சொல்லியிருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் அதை மனனம் செய்து ஒப்பித்தபோது எனக்குப் பொருள் விளங்கவில்லை. காரணத்தைத் தேடாமல் கொடுத்த மருந்து 80 ரிங்கிட். தேடிய பிறகு கொடுத்தது 35 ரிங்கிட். இப்போது விளங்குகிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு தீபாவளிக்கு ஆறு நாள் முன்னர், 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. எங்கள் பழைய செயலி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. ஆகவே நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் கணினியைப் பதிந்து வைத்தேன். இனி அதன் ஆயுள் எவ்வளவு என்று சொல்ல முடியாது. அம்மாவின் கணக்கு இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது: கணினியில், என் மடிக்கணினியில், அம்மா தம் கைப்பட எழுதும் 555 புத்தகத்தில்.

62 குடும்பங்களுக்கும், விடுபட்ட அந்த ஆறு ஆர்டர்கள் உட்பட, முறுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய கணினி இருந்தால், இன்றே அதில் உள்ள ஒரு முக்கியமான கோப்பை நகலெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். மற்றவற்றை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.