வாங்க வருபவரை நம்பிப் பங்கு வாங்காதீர்கள்

கேபிள் டிவி, இணைய சேவை நிறுவனமான டைம் வார்னர் கேபிளை யார் வாங்குவது என்று அமெரிக்காவில் பெரும் போட்டி நடந்த காலத்தில் அதன் பங்குகளை நான் வைத்திருந்தேன். 2014 தொடக்கத்தில் எழுந்த பரபரப்பு 2016 மே மாதம்தான் முடிவுக்கு வந்தது. இப்படிப்பட்ட பங்குகளில் பணம் போட நினைப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பில் நான் கற்றவை பயன்படும்.

விற்பவர் கேட்கும் விலையைப் பாருங்கள். 2014 ஜனவரியில் சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனம் பங்குக்கு 132.50 டாலர் தருவதாக அறிவித்தது. டைம் வார்னர் கேபிள் அதை மறுத்து 160 டாலர் கேட்டது. அடுத்த மாதமே காம்காஸ்ட் என்ற மற்றொரு கேபிள் நிறுவனம் உள்ளே வந்து, ஏறக்குறைய 159 டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. சந்தையில் உலவிய எத்தனையோ ஊகங்களைவிட, நிர்வாகம் வெளிப்படையாகச் சொன்ன அந்த ஒரு தொகைதான் எனக்கு வழிகாட்டியது.

ரொக்கமா, பங்கா என்று கேளுங்கள். காம்காஸ்ட் ரொக்கம் தரவில்லை. நம் ஒரு பங்குக்கு அதன் 2.875 பங்குகள் கிடைக்கும் என்பதே பேச்சு. அந்த 159 டாலர் அறிவிப்பு நேரத்துக் கணக்குதான். காம்காஸ்ட் பங்கு இறங்கினால் நமக்கு வருவதும் குறையும். அதனால் வாங்குகிறவரின் பங்கு விலையையும் நான் தொடர்ந்து கவனித்தேன்.

அரசின் அனுமதியை எடைபோடுங்கள். ஒப்பந்த மதிப்பைவிடச் சந்தை விலை குறைவாக இருந்தால், அந்த இடைவெளி சந்தையின் சந்தேகத்தைக் காட்டுகிறது. நாட்டின் முதல் இரண்டு பெரிய கேபிள் நிறுவனங்கள் ஒன்று சேர்ந்தால் பிராட்பேண்ட் சந்தை ஒரே கைக்குள் போய்விடும் என்ற கவலை எழுந்தது. அரசின் நீதித்துறையும் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி.யும் எதிர்ப்புக் காட்டவே, 2015 ஏப்ரல் 24 அன்று காம்காஸ்ட் விலகிக்கொண்டது. ஒப்பந்தம் முறிந்தால் தர வேண்டிய கட்டணம் எதுவும் அதில் இல்லை.

வாங்க ஆளில்லாவிட்டால் என்ன மதிப்பு? எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். டைம் வார்னர் கேபிளின் டிவி சந்தாதாரர்கள் குறைந்தாலும் பிராட்பேண்ட் இணைப்புகள் கூடிக்கொண்டிருந்தன. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரங்கள் அதன் கையில் இருந்தன. அதனால்தான் காம்காஸ்ட் போன பிறகும் பங்கை வைத்திருக்க எனக்குத் தைரியம் இருந்தது. ஐரோப்பாவின் ஆல்டிஸ் நிறுவனமும் அதை வாங்கப் பேசுவதாகச் செய்தி வந்தது. 2015 மே 26 அன்று சார்ட்டர் பங்குக்கு 195.71 டாலர் மதிப்பில் ஒப்பந்தத்தை அறிவித்தது. அதுவும் நிறைவேற ஓராண்டு ஆனது.

இந்தக் கதை நல்லபடியாக முடிந்தது என்பதற்காக எல்லாக் கதைகளும் இப்படி முடியாது. அவசரத் தேவைக்கான பணத்தை இதில் போடாதீர்கள். நாளை எவரும் வாங்க வராவிட்டாலும் நிம்மதியாக வைத்திருக்கக்கூடிய நிறுவனமா என்று பாருங்கள். ஆம் என்றால் மட்டும் வாங்குங்கள்.