பழங்காரின் இக்னிஷன் காயிலைப் பரீட்சிக்கும் முறை

காலையில் முதல் முயற்சியிலேயே உயிர்பெற்றுத் திருப்பனந்தாளிலிருந்து புறப்பட்ட பழங்கார், கும்பகோணம் சாலையில் சோழபுரத்தைத் தாண்டுவதற்குள் திணறி நின்றுவிட்டு, மரநிழலில் சற்று இளைப்பாறிய பின் ஒன்றுமே நடவாதது போல் மறுபடியும் ஓடத் தொடங்குமானால், அதன் சொந்தக்காரர் முதலில் சந்தேகிப்பது இக்னிஷன் காயிலைத்தான். சந்தேகம் நியாயமானதே. ஆயினும், காயில் ஆறிக் கிடக்கையில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பழுதில்லை என்று தீர்மானிப்பதும், கழற்றிய பிளக்கை எஞ்சின்மேல் சாய்த்து வைத்துப் பொறி வருகிறதே என்று திருப்தியடைவதும் உண்மையான பரீட்சை ஆகா. பிளக்கின் இடைவெளி ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர், திறந்த காற்றில் அதைத் தாண்ட நலிந்த காயிலாலும் முடியும், சிலிண்டருக்குள் நெருக்குண்ட வாயுவின் நடுவே அதே இடைவெளியைத் தாண்டுவதற்கோ பன்மடங்கு மின்னழுத்தம் வேண்டும். ஆகவே காயிலைச் சூடேற்றி, வேகமாக வேலை வாங்கி, அகன்ற இடைவெளியைத் தாண்டச் செய்தே சோதிக்க வேண்டும்.

ஃபோர்டு கம்பெனியார் இதை வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். 1908 முதல் 1927 வரை உற்பத்தியான மாடல் டி காரில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு மரப்பெட்டிக் காயில்கள் இருந்தன. அவற்றைச் சோதிக்கும் பட்டறை யந்திரத்தைக் கையால் சுழற்றினால், உள்ளிருக்கும் காந்தங்கள் காரில் உள்ளவாறே மின்சாரத்தை உண்டாக்க, ஒரு சுற்றுக்குப் பதினாறு பொறிகள் வட்டமாகத் தோன்றுகின்றனவா, அம்மீட்டரின் முள் 1.3 ஆம்பியரில் நிற்கிறதா என்று மெக்கானிக் கவனிப்பார். அம்பாசிடர், பியட், 1961-இல் சென்னையருகே உற்பத்தி தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய கார்களின் தகரக்குப்பிக் காயிலுக்கும் அதே தத்துவத்தில் ஒரு சாதனத்தை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

வேண்டிய சாமான்கள்

12 வோல்ட் பேட்டரி, 10 ஆம்பியர் ஃபியூசும் ஒரு சுவிட்சும், பாயிண்டும் கண்டென்சரும் நல்ல நிலையிலுள்ள, நான்கு சிலிண்டர் காரின் பழைய டிஸ்ட்ரிபியூட்டர், அதைச் சுழற்ற வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிரில்லிங் மெஷின், கூராக்கிய இரண்டு நீண்ட ஆணிகள், உலர்ந்த மரப்பலகை, மல்டிமீட்டர்.

செய்முறை

1. முதலில் ஆறிய காயிலை அளக்க வேண்டும். சிறு முனைகள் இரண்டுக்கும் இடையே, சாதாரண 12 வோல்ட் காயிலில் 3 முதல் 3.5 ஓம் வரையிலும், தனி ரெசிஸ்டன்சுடன் ஓடும் காயிலில் ஏறக்குறைய 1.5 ஓமும் இருக்கும். நடுக்கோபுரத்துக்கும் சிறு முனைக்கும் இடையே பல்லாயிரம் ஓம் காட்டும். அறவே தொடர்பற்றிருந்தால் உள்ளே கம்பி அறுந்ததென்று பொருள். அதற்குமேல் பரீட்சை தேவையில்லை.

2. கோபுரத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நெடுநாள் அசையாது நின்ற காரில் ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து, மயிரிழை போன்ற கரிக்கோடு விழுந்திருக்கலாம். அக்கோடோ, விளிம்பில் எண்ணெய்க் கசிவோ தென்பட்டால் காயிலைத் தள்ளிவிடுவதே உசிதம்.

3. டிஸ்ட்ரிபியூட்டரைப் பலகையில் அசையாமல் பொருத்தி, மூடியையும் ரோட்டரையும் நீக்கி, பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.38 மில்லிமீட்டராக வைக்க வேண்டும். அதன் தண்டு காரில் எத்திசையில் சுழலுமோ அத்திசையிலேயே டிரில்லும் சுழற்ற வேண்டும்.

4. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூசு, சுவிட்சு வழியாகக் காயிலின் ‘எஸ்டபிள்யூ’ முனைக்கும், ‘சிபி’ முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் பக்க முனைக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் உடலிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்கும் கம்பி இணைக்க வேண்டும். 1.5 ஓம் காயிலானால் அதற்குரிய ரெசிஸ்டன்சையும் வழியில் சேர்க்க வேண்டும். ஆணிகளின் கூர்முனைகள் ஒன்றையொன்று நோக்க, 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஒன்றைக் கோபுரத்தோடும் மற்றொன்றை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடும் சேர்க்க வேண்டும்.

5. டிரில்லை ஓடவிட்ட பிறகே சுவிட்சைப் போட வேண்டும். டிரில் நிமிஷத்துக்கு 1,000 சுற்று சுழன்றால் 4,000 பொறிகள் உண்டாகும். அது எஞ்சின் 2,000 சுற்று ஓடுவதற்குச் சமானம். பொறி இடையறாது, நீலவெண்மையாய், படபடவென்ற ஓசையுடன் பாய வேண்டும்.

6. அவ்வாறே இருபது நிமிஷம் ஓட்டிக் காயிலைச் சூடேற்றிய பின் மறுபடியும் பொறியைப் பார்க்க வேண்டும். இதுவே பரீட்சையின் உயிர்நிலை; உள்ளே காப்புப் பூச்சு நைந்த கம்பிகள், ஆறியிருக்கையில் ஒழுங்காய் நடந்துகொண்டு, சூடேறி விரிந்த பிறகே ஒன்றோடொன்று கலந்து பொறியைக் குன்றச் செய்யும். சூடான காயிலில் 3.2 ஓம் 3.6 அல்லது 3.8 ஓமாக உயர்வது தாமிரத்தின் இயல்பேயன்றிக் குற்றமன்று. சூட்டில் குறைந்தால்தான் குற்றம்.

தீர்ப்பு கூறும் விதம்

ஆரம்பத்திலிருந்தே பொறி மஞ்சளித்து, பாயிண்டிலும் தீப்பறந்தால், காயிலைக் குறைகூறுமுன் கண்டென்சரை மாற்றிப் பார்க்க வேண்டும். ஆறியபோது நன்றாயிருந்து சூட்டில் விட்டுவிட்டு வந்தால் காயிலே குற்றவாளி. இரு நிலையிலும் பொறி வலிவாயிருந்தால், காரின் எர்த் கம்பியையும் பாயிண்டையும் பார்த்துவிட்டு, சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்கிறதா என்றும் ஆராய வேண்டும்.

எச்சரிக்கை

இப்பொறியின் அழுத்தம் பல்லாயிரம் வோல்ட் ஆதலின், ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பதும், அருகில் பெட்ரோலோ சார்ஜ் ஏறும் பேட்டரியோ இருப்பதும், பேஸ்மேக்கர் வைத்தோர் பக்கத்தில் நிற்பதும் கூடா. ஆணிகளை 12 மில்லிமீட்டருக்கு மேல் அகற்றினாலும், கோபுரத்துக் கம்பியை அந்தரத்தில் விட்டாலும், வெளியே வழி காணாத பொறி காயிலின் உட்காப்பையே துளைத்துவிடும். பாயிண்ட் மூடிய நிலையில் சுவிட்சைப் போட்டு மறந்துவிட்டால் ஏறக்குறைய 3.75 ஆம்பியர் தொடர்ந்து ஓடி, 45 வாட் சூட்டில் நல்ல காயிலும் வெந்துபோகும்.

புதுக் காயில் வாங்குகையில் பழையதன் ஓம் அளவைச் சொல்லியே வாங்குக. ரெசிஸ்டன்சு இல்லாத காரில் 1.5 ஓம் காயிலை மாட்டினால் இருமடங்கு மின்சாரம் பாய்ந்து பாயிண்ட் விரைவில் கருகும். பாசிட்டிவ் எர்த் உள்ள பழைய கார்களில் காயிலின் பாசிட்டிவ் முனையையும், நெகட்டிவ் எர்த் கார்களில் நெகட்டிவ் முனையையும் டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்க்க வேண்டும்; மாற்றிச் சேர்த்தாலும் கார் ஓடும், ஆனால் பொறி பாய்வதற்கு வீணே அதிக அழுத்தம் தேவைப்பட்டு, நாம் இவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்த காயிலும் பலவீனமானதாகவே தோன்றும்.