முதல் பாகம் என்னும் புரோநோட்டு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய கட்டு வந்து சேர்ந்தது. மொத்தம் 41 வாசகர் கடிதங்கள். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். உன் தொடர்கதையின் நாலாம் பாகத்தையும் மறுபடி எடுத்துப் படித்தேன். "ஐந்தாம் பாகத்தில் மாறனுக்குக் குரலைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். மூன்று பாகமாகப் பாடியே புயலை அடக்கியவன் நாலாம் பாகத்தில் ஊமையாகக் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைக்கிறான். வாசகர்களுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பதில் சொல்வதற்கு முன் என் கதையைக் கேள். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வார இதழில் மந்திரத் தீவுக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். அதில் கதாநாயகனோடு கூடவே சுற்றும் கோமாளியை ஒரு வாரம் முதலை விழுங்கிவிட்டது. கடிதங்கள் கோணிப்பையில் வந்தன. ஆசிரியர் பையைக் காட்டினார், வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நாலே வாரத்தில் முதலையின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கோமாளி வெளியே வந்தான். ஊரே கொண்டாடியது. ஆறு மாதம் கழித்து, கதாநாயகியின் அப்பாவைச் சாகடித்தேன். எழுதும்போது என் கண்ணே கலங்கியது. வந்தது ஒரே ஒரு கடிதம். "அவர் எந்த வாரம் திரும்பி வருகிறார்?" என்று கேட்டிருந்தார்கள்.

வாசகர் பேச்சைக் கேட்டது தப்பில்லை. எந்தப் பேச்சைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் கேட்டதுதான் தப்பு. அதற்கு ஒரு வழி பிறகுதான் பிடிபட்டது.

தொடர்கதையின் முதல் பாகம் ஒரு புரோநோட்டு. இன்னது தருவேன் என்று நீ கையெழுத்துப் போட்டு வாசகர் கையில் கொடுத்துவிட்டாய். பின்னால் வரும் பாகத்தைப் பற்றி அவர் சொல்லும் ஒவ்வொரு குறையும் அந்த நோட்டைக் காட்டிக் கேட்கிற பாக்கி. அப்போது நீ பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவர் கேட்பது நோட்டில் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் கொடு. இல்லையென்றால் பணிவாக மறு. இந்தக் கணக்கில் உன் கடிதங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

முதல் அடுக்கு: "கதை நகரவே இல்லை." இதில் 14 கடிதம். இவர்கள் சொல்வது நியாயம், தம்பி. ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' வரிசையை நினைத்துப் பார். ஒன்பதாம் பாகம் 2000-இல் வந்தது. உலகத்தையே மாற்றக்கூடிய ஒரு பெரிய மந்திரச் செயலோடு அது முடிந்தது. அடுத்து என்ன என்று இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் 2003 ஜனவரியில் பத்தாம் பாகமான 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்'டைத் திறந்தார்கள். அந்தச் செயல் நடந்த அதே நாளில் மற்ற பாத்திரங்கள் எங்கெங்கே இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றே புத்தகத்தின் பெரும்பகுதி போனது. வாசகர் வீட்டுக் கடிகாரம் இரண்டு வருஷம் ஓடியிருக்க, கதைக்குள் கடிகாரம் நின்றுவிட்டது. இன்றைக்கும் அந்த வரிசையில் அதிகமாகத் திட்டு வாங்கும் பாகம் அதுதான். 2005-இல் வந்த பதினொன்றாம் பாகத்தில் முடிச்சுகள் மளமளவென்று அவிழ்ந்தன. விட்டுப்போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். ஜோர்டன் கையால் முடித்த கடைசிப் பாகம் அது. 2007-இல் நோய் அவரைக் கொண்டுபோனது. மிச்சத்தை அவருடைய குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் மூன்று பாகங்களாக எழுதி, 2013-இல் முடித்தார். உன் நாலாம் பாகத்தில் உப்பளத்து அத்தியாயங்கள் மூன்றும் ஒரே ராத்திரியைச் சொல்கின்றன. சாகசக் கதை என்று சொல்லித்தான் வாசகரைப் படகில் ஏற்றினாய். படகு நகர வேண்டும். இது நோட்டில் இருக்கும் பாக்கி, கொடுத்துவிடு.

இரண்டாம் அடுக்கு: "எப்போது வரும்?" இதில் 9 கடிதம். இந்தப் பாக்கியை நீயாக வரவழைத்துக்கொண்டாய். நாலாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் "அடுத்த புத்தகக் கண்காட்சிக்குள் ஐந்தாம் பாகம்" என்று எதற்கு அச்சடித்தாய்? ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினைப் பார். அவருடைய தொடரில் 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' என்ற பாகம் அளவு மீறிப் பெருத்தபோது, காலத்தை வைத்து வெட்டாமல் பாத்திரங்களை வைத்து வெட்டினார். அதனால் 2005-இல் வந்த அந்தப் பாகத்தில் டிரியன், ஜான், டெனேரிஸ் என்ற முக்கியப் பாத்திரங்கள் மூவர் பார்வையிலும் ஒரு அத்தியாயம்கூட இல்லை. விட்டுப்போன அவர்களுடைய கதை அடுத்த வருஷமே வந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பின்குறிப்பில் எழுதிவைத்தார். வந்தது 2011-இல். மூவரும் இல்லாத குறையைவிட அந்தப் பின்குறிப்புதான் வாசகர் மனதில் முள்ளாகத் தைத்தது. பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டு பாகங்களின் அத்தியாயங்களையும் கலந்து, கால வரிசைப்படி எதற்குப் பின் எதைப் படிக்க வேண்டும் என்று வாசகர்களே பட்டியல் போட்டுக்கொண்டார்கள். காத்திருக்க வேண்டாத புது வாசகர் அந்தப் பாகத்தை நிதானமாக ரசிக்கிறார். ஆக, சில குறைகள் புத்தகத்தைப் பற்றியவை அல்ல, காத்திருப்பைப் பற்றியவை. அவற்றைக் கேட்டு எழுத்தை மாற்றாதே. தேதி போடுவதை மட்டும் நிறுத்து.

மூன்றாம் அடுக்குதான் உன் தூக்கத்தைக் கெடுத்தது. 17 கடிதம். "பாடாத மாறன் எங்களுக்கு வேண்டாம்." இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம்.

அர்சுலா லெ குவின் எர்த்ஸீ என்ற தீவுக்கூட்டத்தைப் படைத்து 1968, 1971, 1972 என்று மூன்று நாவல்கள் எழுதினார். ஆடு மேய்த்த சிறுவன் கெட் பெரிய மந்திரவாதியாகிறான். மூன்றாவது நாவலின் முடிவில், சாவின் நாட்டில் திறந்துகிடந்த வாயிலை அடைக்கத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிட்டு, டிராகன் முதுகில் ஏறிச் சொந்தத் தீவுக்குப் பறந்து போகிறான். அழகான முடிவு. வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடினார்கள்.

18 வருஷம் கழித்து, 1990-இல் 'தெஹானு' வந்தது. அந்த டிராகன் வந்து இறங்கும் இடத்தை அதில் காட்டினார். அதன் முதுகிலிருந்து இறக்கப்படுபவன் நினைவில்லாத நோயாளி. தேறி எழுந்ததும், அரசனின் ஆட்கள் தேடி வந்தபோது அவமானத்தில் ஒளிந்துகொள்கிறான். பிறகு மலைக்குப் போய் ஆடு மேய்க்கிறான். கதை டெனாருடையது. இரண்டாம் நாவலில் இருட்டுக் கல்லறையிலிருந்து மீண்ட பெண் அவள், இப்போது நடுவயது விதவை. பெரியவர்களே நெருப்பில் தள்ளியதில் பாதி உடல் வெந்துபோன ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். பால், பாத்திரம், துணி, பயம் என்று நாள்கள் போகின்றன.

வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "எங்கள் கெட்டைச் சிறுமைப்படுத்திவிட்டார், தன் கொள்கைக்காகக் கதையைப் பலி கொடுத்தார்" என்றார்கள் சிலர். "அடுப்படியும் இந்த உலகத்தில் ஓர் இடம்தான் என்று முதல்முறையாகத் தெரிந்தது" என்றார்கள் வேறு சிலர். நெபுலா விருதும் கிடைத்தது, திட்டும் நிற்கவில்லை.

இப்போது நோட்டை எடுத்துப் பார். கெட் கடைசிவரை மந்திரவாதியாகவே இருப்பான் என்று லெ குவின் எங்கே எழுதிக்கொடுத்தார்? மூன்றாவது நாவலிலேயே அவன் சக்தி போய்விட்டது. போனதை வாசகர்கள் ஏற்றுக்கொண்டார்கள், போனதற்கு மறுநாள் காலையைத்தான் அவர்களால் பார்க்க முடியவில்லை. முதல் நாவலிலோ, பெண்களின் மந்திரத்தை இளக்காரம் செய்யும் ஒரு பழமொழி வருகிறது. மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. யாரும் கேட்காத அந்தப் பாக்கி இருபது வருஷமாக நோட்டில் கிடந்தது. 'தெஹானு' அதைத்தான் கட்டியது. லெ குவின் 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசும்போது தன் பார்வை எப்படி மாறியது என்று விளக்கம் சொன்னார், ஆனால் கெட்டுக்கு மந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 2001-இல் வந்த 'தி அதர் விண்ட்' நாவலிலும் அவன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவன்தான். சறுக்கியது ஓர் இடத்தில்தான்: 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று 'தெஹானு'வின் அட்டையில் போட்டுவிட்டார். பின்னால் இன்னும் இரண்டு புத்தகங்கள் வந்தன. தேதி விஷயத்தில் சொன்னதுதான் இதற்கும்.

ஹாரி பாட்டர் ஐந்தாம் பாகம் 2003-இல் வந்தபோதும் "பையன் ஓயாமல் கத்துகிறான்" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பாகத்துக்கு ஒரு வயது கூடுவான் என்பது அந்த வரிசையின் நோட்டிலேயே இருந்தது. போன பாகத்தில் கூடப் படித்தவன் கண் முன்னால் செத்தான். பதினைந்து வயசுப் பையன் கத்தாமல் என்ன செய்வான்?

உன் முதல் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தை எடு. கடல் கிழவி மாறனுக்குப் பாட்டைக் கொடுக்கும்போது "ஒருநாள் திருப்பி வாங்கிக்கொள்வேன்" என்கிறாள். எழுதியது நீதான், மறந்ததும் நீதான். குரல் போவது நோட்டில் இருக்கிறது. திரும்பி வருவது இல்லை. அந்த வரியை 17 பேரும் தங்கள் ஆசையால் எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். உன்மேல் உள்ள பிரியம் அது, கும்பிட்டு வாங்கிக்கொள். பணம் கட்டாதே.

மறுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்து முடிந்தபோது, இன்னார் என்ன ஆனார், அன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி முடிவை மாற்றவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, அவர்கள் கேள்விகளுக்கு மதிப்பாகப் பதில் சொன்னார். நீயும் கோபித்துக்கொண்டு பதில் எழுதாதே, மௌனமாகவும் இருந்துவிடாதே.

கூட்டிப் பார்த்திருப்பாய்: 14, 9, 17. நாற்பதுதான் ஆகிறது. மிச்சம் ஒரு அஞ்சலட்டை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுதியது. பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. "ராத்திரி விளக்கு அணைந்த பிறகு அம்மா கூப்பிட்டால் மாறன் எப்படி 'இதோ இருக்கேன்' என்று சொல்லுவான்?" என்று மட்டும் கேட்டிருக்கிறது.

அந்த அட்டையை உனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குரல் வந்துவிட்டால் அந்தக் கேள்வி செத்துப்போகும். நாலாம் பாகத்தின் அடுத்த பதிப்பில் உப்பளத்து அத்தியாயங்களில் இரண்டை எடுத்துவிட்டு, அந்த இருட்டு வீட்டிலிருந்து ஐந்தாம் பாகத்தைத் தொடங்கு. தேதி போடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்