முட்டைக்கு முன்பே தீனி

கேள்வி: ஃபைட்டர் மீன் ஜோடி ஒன்று வைத்திருக்கிறேன். ஆண் மீன் நுரைக்கூடு கட்டுகிறது, பெண் முட்டையிடுகிறது, குஞ்சும் பொரித்துவிடுகிறது. நீந்தத் தொடங்கிய சில நாட்களில் ஒவ்வொன்றாகச் செத்து, கடைசியில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றுகிறேன். மீன் தீனியைப் பொடித்தும் தூவுகிறேன். எங்கே தவறு?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: குஞ்சு பொரிப்பதுவரை எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. அதற்குப் பின் உங்கள் குஞ்சுகள் பட்டினியில் செத்திருக்கின்றன. தீனி போட்டும் பட்டினியா என்று கேட்பீர்கள். ஃபைட்டர் குஞ்சின் வாய் மிகமிகச் சிறியது. அதோடு, கண்ணெதிரே அசைவதைத்தான் அது இரையென்று கொத்தும். நீங்கள் தூவிய பொடி அசையாமல் அடியில் படிந்து அழுகும். மஞ்சள் கரு அதைவிட மோசம். ஒரு சொட்டு கூடினாலும் தண்ணீர் கெட்டு அம்மோனியா ஏறிவிடும். பசியோடு நஞ்சும் சேர்ந்துகொள்கிறது.

முட்டை பொரிக்க ஒன்றரை நாள் ஆகலாம். பொரித்த குஞ்சு அடுத்த இரண்டு மூன்று நாள் வால் கீழாக நுரைக்கூட்டில் தொங்கும். வயிற்றிலுள்ள மஞ்சள் கருப் பையே அப்போது அதற்கு உணவு. தவறிக் கீழே விழும் குஞ்சைத் தகப்பன் மீன் வாயில் கவ்விக் கொண்டுபோய்க் கூட்டில் விடும். பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால் இதை நேரிலேயே காணலாம். குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கியதும் தகப்பனை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். (தாயை முட்டையிட்டு முடித்தவுடனேயே எடுத்திருக்க வேண்டும்.) தீனி தேவைப்படுவது அன்றைக்குத்தான். அன்றைக்குத் தேட ஆரம்பித்தால் கிடைக்காது. ஆகவே ஜோடி சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே தீனியைத் தயார் செய்யுங்கள்.

அந்தத் தீனி இன்ஃபுசோரியா என்னும் நுண்ணுயிர்கள். தஞ்சாவூரில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொதிக்கவைத்து, அந்த நீர் நன்றாக ஆறியபின் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, குளத்து நீரோ பழைய மீன்தொட்டி நீரோ ஒரு டம்ளர் வடிகட்டிச் சேருங்கள். கொசு முட்டையிடாதபடி வாயைத் துணியால் கட்டி, வெளிச்சம் படும் ஜன்னலோரம் வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அது அரிசி கழுவிய நீர்போலக் கலங்கி நாறும். பலர் இந்தக் கட்டத்தில் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடுகிறார்கள். கொட்டாதீர்கள்! அந்தக் கலங்கல் பாக்டீரியா. அதைத் தின்றுதான் இன்ஃபுசோரியா பெருகும். பிறகு நீர் தெளியும், நாற்றமும் குறையும். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் தூசுபோன்ற புள்ளிகள் தாமாக நகர்வது தெரியும். அப்போதிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, சில ஸ்பூன் வீதம் குஞ்சுத் தொட்டியில் விடுங்கள். இரண்டு நாள் இடைவெளியில் இன்னொரு பாட்டிலும் போட்டு வையுங்கள். ஒன்று ஓய்ந்தாலும் மற்றது கைகொடுக்கும்.

ஒரு வாரம் போல ஆனதும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிருக்கு மாறலாம். ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் கல்லுப்பு கரைத்து, ஆர்ட்டீமியா முட்டையைச் சிட்டிகையளவு போட்டு, ஏர் பம்ப்பை வேகமாக ஓடவிடுங்கள். நம்மூர் வெப்பத்தில் ஒரு நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும். ஆர்ட்டீமியா குஞ்சுகளை அடியிலிருந்து உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நல்ல நீரில் அலசிக் கொடுங்கள். தின்ற மீன்குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் கவலை பாதி தீர்ந்தது. நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரத்தில் செத்துவிடும் என்பதால், தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள்.

தண்ணீரை மொத்தமாக மாற்றுவதையும் நிறுத்துங்கள். ஏர் ட்யூபால் அடியிலுள்ள அழுக்கை மட்டும் உறிஞ்சி எடுத்து, குளோரின் போக ஒரு நாள் வைத்திருந்த நீரை, அதே சூட்டில், சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். தொட்டியை மூடியே வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் குஞ்சுகள் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கப் பழகும். அப்போது நீருக்கு மேலுள்ள காற்று குளிர்ந்து உலர்ந்திருக்கக் கூடாது.

கேள்வி: என் ஏஞ்சல் மீன்கள் இலையில் முட்டையிட்டு மறுநாளே தின்றுவிடுகின்றன. மிஞ்சுபவை வெள்ளையாகிவிடுகின்றன. என்ன செய்வது?
— வாசகி, சென்னை

பதில்: புதிய ஜோடி முதல் சில தடவை தின்பது சகஜம். முட்டை வெள்ளையாவது கருவுறாததன் அடையாளம். எல்லாமே வெள்ளையானால் இரண்டும் பெண்ணோ என்று பாருங்கள். இரண்டு பெண் மீன்கள்கூட ஜோடி சேர்ந்து முட்டையிடும். முட்டையிடும்போது அடிவயிற்றில் நீளும் குழாய் பெண்ணுக்குத் தடித்து மழுங்கியும், ஆணுக்கு மெலிந்து கூராகவும் இருக்கும்.

ஆண் பெண் ஜோடிதான் என்றால், அடுத்த முறை இலையோடு முட்டைகளை, அதே தொட்டி நீர் நிரப்பிய சிறு தொட்டிக்கு மாற்றி, பக்கத்தில் காற்றுக் குமிழி ஓடவிட்டு, வெளிர்நீலம் தட்டும் அளவுக்கு மெத்திலீன் ப்ளூ விடுங்கள். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். அதற்குப் பின்னும் குஞ்சுகள் ஏறக்குறைய ஐந்து நாள் இலையில் ஒட்டியபடி துடித்துக்கொண்டிருக்கும். அதுவரை எந்தத் தீனியும் வேண்டாம். நீந்தத் தொடங்கியதும் நேராக ஆர்ட்டீமியா கொடுக்கலாம். ஏஞ்சல் குஞ்சின் வாய்க்கு அது பொருந்தும்.