பேட்டரியில் எந்த எண்ணைப் பார்ப்பது?

ஒடுகத்தூரில் எங்கள் பள்ளியில் படித்து முடித்த மாணவி ஒருவர், தம் அண்ணனுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியில்தான் கல்லூரிப் பாடங்களையும் படிக்கிறார். 2011-இல் தொடங்கிய அத்திட்டத்தின் மடிக்கணினி ஒன்று, வீட்டில் அடுத்த பிள்ளைக்கும் உதவுவது மகிழ்ச்சிதான். ஆனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. கரண்ட் போனால் கணினியும் அணைந்துவிடும்.

ஒருநாள் கடையிலிருந்து பேசினார். "சார், ரெண்டு பேட்டரி காட்டுறாங்க. ஒன்னு பழசுல இருக்கிற மாதிரியே 2600, இன்னொன்னு 3000. எதை வாங்கட்டும்?"

"3000 தானே பெரிசு, அதையே வாங்கிடும்மா" என்றேன்.

அவருடைய அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்து சேர்த்த பணம் அது. மறுநாள் மாணவி மடிக்கணினியோடு வந்து நின்றார். பேட்டரி அளவாகப் பொருந்தியிருந்தது. ஆனால் சார்ஜ் ஏறவில்லை. லேபிளைப் பார்த்த பிறகுதான் என் தவறு புரிந்தது. ஆண்டுதோறும் மின்னியல் நடத்தும் நான், "எத்தனை வோல்ட்?" என்று கேட்கவே இல்லை.

இரண்டு எண்கள், ஒரு பெருக்கல்

லித்தியம் அயனி மின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட். தொடராக இணைத்தால் மின்னழுத்தம் கூடும். பக்க இணைப்பில் கொள்ளளவு கூடும். பழைய பேட்டரியில் 4 மின்கலங்கள் தொடராக இருந்தன: 14.8 வோல்ட். புதியதில் மூன்றுதான்: 11.1 வோல்ட்.

சேமிக்கப்படும் ஆற்றலை அறிய, வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்க வேண்டும்.

பழையது: 14.8 × 2.6 = 38.48 வாட் மணி
புதியது: 11.1 × 3.0 = 33.3 வாட் மணி

பெரிய எண் கொண்ட பேட்டரியில் ஆற்றல் குறைவு! மேலும், முழு சார்ஜில் ஒரு மின்கலம் 4.2 வோல்ட்டை எட்டும். நான்கு மின்கலங்களுக்கு 16.8 வோல்ட் வரை தரும் கணினியில், 12.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாத பேட்டரியைப் பொருத்தியிருந்தோம். பாதுகாப்புச் சுற்று தடுத்ததால் கேடு நேரவில்லை.

வாங்கும்போது கவனிக்க

1. மின்னழுத்தம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். 10.8-உம் 11.1-உம் மூன்று மின்கல அடுக்கையே குறிப்பதால் அவ்வேறுபாடு பெரிதல்ல. 11.1-க்குப் பதில் 14.8 கூடாது. தயாரிப்பாளரே இரண்டும் பொருந்தும் என்று குறிப்பிட்டிருந்தால் மட்டுமே விதிவிலக்கு.
2. கணினியின் மாடல் எண்ணும் பேட்டரியின் பாக எண்ணும் பொருந்த வேண்டும்.
3. இவை சரியாக இருந்தால் கொள்ளளவு கூடலாம், குறையலாம். கூடினால் அதிக நேரம் உழைக்கும். சார்ஜ் ஏறவும் அதிக நேரம் ஆகும்.
4. உப்பிய பேட்டரியை அழுத்தவோ துளைக்கவோ கூடாது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் சேர்க்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

இந்நிகழ்வை என் வகுப்பில் அப்படியே சொன்னேன். பிறகு ஒரு கணக்கு கொடுத்தேன்: 10 வாட் பயன்படுத்தும் கணினியில் 14.8 வோல்ட் பேட்டரி, 2200 மில்லி ஆம்பியர் மணி எனில் எவ்வளவு நேரம்? 2600 எனில்? முன்னது ஏறத்தாழ 3 மணி 15 நிமிடம். பின்னது 3 மணி 50 நிமிடம் என்று மாணவர்கள் கண்டறிந்தனர். மறுநாள் பலர் வீட்டிலுள்ள கைப்பேசி, எமர்ஜென்சி விளக்கு ஆகியவற்றின் பேட்டரி எண்களைக் குறித்து வந்து, வாட் மணியில் ஒப்பிட்டனர். தொடக்க வகுப்புகளில் பெருக்கல் பயிற்சியாகவும் இதைச் செய்யலாம்.

மாணவியுடன் நானும் கடைக்குச் சென்று, தவறு என்னுடையது என்று சொன்னேன். கடைக்காரர் 2600-ஐ மாற்றிக் கொடுத்தார். இப்போது யாராவது பேட்டரி பற்றிக் கேட்டால், என் முதல் கேள்வி "எத்தனை வோல்ட்?" என்பதுதான்.